பரிசம் தந்த மணவாளன்

திருவழிபாட்டு ஆண்டின் இறுதி ஞாயிறன்று அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பங்குகளில் கிறிஸ்து அரசர் பெருவிழா கொண்டாடப்படுகிறது. 1925 டிசம்பர் 11 அன்று திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் இவ்விழாவை நிறுவினார். முதல் உலகப்போரின் புண் ஆறாத காலம் அது. மன்னர்களின் முடிகள் சரிந்த இடத்தில் நாட்டுவெறி அரியணை ஏறிக்கொண்டிருந்தது. அப்போது திருத்தந்தை சுட்டிக்காட்டிய அரசரின் முடியோ முள்ளால் ஆனது. அரியணையோ சிலுவை மரம்.

இவ்வரசரே திருச்சபையின் மணவாளன் என்கிறது எபேசியர் திருமுகம். மணமகன் பெண் வீட்டாருக்குப் பரிசம் தருவது தமிழரின் பழைய வழக்கம். நம் மணவாளன் தந்த பரிசம் அவரது இரத்தம். அவர் கேட்டு வாங்கியவர் அல்லர், தம்மையே கொடுத்தவர். அவருக்கும் திருச்சபைக்கும் உள்ள இவ்வுறவின் அடையாளமாக இருப்பதாலேயே நம் திருமணம் அருளடையாளம் எனப் பெயர் பெறுகிறது.

ஆனால் நம் இல்லங்களில் நடக்கும் மணப்பேச்சு எத்தகையது? அரசு வேலைக்கு ஒரு விலை, அயல்நாட்டு வேலைக்கு வேறொரு விலை! இத்தனை சவரன், இன்ன வண்டி, மண்டபச் செலவு பெண் வீட்டாருடையது! தொழிற்பேட்டையில் இரவும் பகலும் உழைத்த தந்தை தம் சேமநிதியைக் கரைத்துக் கடனாளியாகிறார். பின்னர் கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கப்படுகிறது. உறவுமுறைத் தடை உண்டா என விசாரிக்கிறோம். விலை பேசப்பட்டதா என எவரும் விசாரிப்பதில்லை. பீடத்தின் முன் மணமக்களிடம், முழு மனச் சுதந்திரத்தோடு வந்தீர்களா என்று குரு வினவுகிறார். தொகை குறைந்தால் நின்றுவிடும் மணத்தில் சுதந்திரம் எங்கே?

"பெற்றோர் மனமுவந்து மகளுக்குத் தருவது சீர்வரிசைதானே?" என்பர் சிலர். தருபவர் தாமாகத் தருவது சீர். பெறுபவர் அளவு குறித்துக் கேட்பது விலை. 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டமும் இவ்வேறுபாட்டை அறியும். வாங்குவோருக்கும் கொடுப்போருக்கும் பொதுவாக ஐந்தாண்டுக்குக் குறையாத சிறையை அது விதிக்கிறது. நாட்டின் சட்டம் குற்றம் என்பதைத் திருச்சபை வழக்கம் என்று பொறுத்துக்கொள்வது தகுமா?

"குருவானவர் காவலர் அல்லரே" என்பர் வேறு சிலர். உண்மை; அவர் மேய்ப்பர். ஆட்டை விலைபேசுவதைக் கண்டும் வாளாவிருப்பவர் மேய்ப்பர் ஆவாரா?

ஆகவே நாம் வேண்டுவது இதுவே. ஓலை எழுதும்போதே, வரதட்சணை கேட்கவோ கொடுக்கவோ இல்லை என இரு வீட்டாரும் பங்குத்தந்தை முன் எழுதிக் கையொப்பமிடட்டும். விலை பேசிய மணத்திற்குப் பங்கு மண்டபம் மறுக்கப்படட்டும். பூவிருந்தவல்லித் திரு இருதயக் குருத்துவக் கல்லூரியில் பயிலும் இளைஞர், நாளை இவ்வினாவை அஞ்சாது கேட்கப் பழகட்டும். இளைஞர் இயக்கத்தினர் கிறிஸ்து அரசர் நாளில் கொடி பிடிப்பதோடு நில்லாமல், விலைபோக மாட்டோம் என உறுதி ஏற்கட்டும்.

மணவாட்டியாம் திருச்சபைக்காக உயிரையே தந்தவர் நம் அரசர். அவரது பீடத்தின் முன், அவர் மகளை விலைபேசியவன் மாலையோடு நிற்பதை இனியும் நாம் ஏற்கலாகாது.