சிவப்பை மட்டும் தேடினால் போதுமா?

மாணவர்களே, அறிவியல் கூடத்தில் அமிலத்தையும் காரத்தையும் நடுநிலையாக்கும் சோதனையைச் செய்திருப்பீர்கள். அப்போது கூம்புக் குடுவைக்கு அடியில் வெள்ளை ஓடு ஒன்றை வைக்கும்படி ஆசிரியர் சொல்வார். பீனால்ப்தலீன் காட்டும் மெல்லிய இளஞ்சிவப்பு, வெள்ளைப் பின்னணியில்தான் தெளிவாகத் தெரியும். அதே குடுவையைப் பழுப்பு நிற மேசைமீது வைத்தால் என்ன ஆகும்? கரைசலில் நிறம் மாறியிருக்கும். ஆனால் நம் கண் அதைத் தாமதமாகத்தான் பிடிக்கும்.

இதே சிக்கல் மருத்துவமனையிலும் உண்டு. அங்கே பின்னணியாக இருப்பது ஓடு அல்ல, மனிதத் தோல்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பெண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். அறுவை சிகிச்சைக்குப் பிறகு, எஞ்சியிருக்கக்கூடிய புற்றுநோய் உயிரணுக்களை அழிக்கப் பலருக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தரப்படுகிறது. 40 கிரே அளவுக் கதிரை 15 தவணைகளாகப் பிரித்து மூன்று வாரங்களில் கொடுப்பது இப்போது பரவலாக உள்ள முறை. கதிர் உள்ளே செல்லத் தோலைக் கடந்தாக வேண்டும். மேல்தோலின் அடியடுக்கில் ஓயாமல் பிரிந்து புதுத் தோலை உருவாக்கும் உயிரணுக்கள் அப்போது பாதிக்கப்படுகின்றன. இரத்த நாளங்கள் விரிகின்றன. தோல் சிவந்து, வீங்கி, உலர்ந்து உரியலாம். சிலருக்கு ஈரமாக உரிந்து புண்ணாகும். சிகிச்சை முடிந்த ஓரிரு வாரங்களில் இது உச்சத்தைத் தொட்டு, பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் ஆறிவிடும். ஆகவே சிகிச்சையைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. ஆனால் பக்கவிளைவைச் சரியாக அளந்தால்தான் உரிய நேரத்தில் கவனிக்க முடியும்.

எப்படி அளக்கிறார்கள்? பெரும்பாலும் கண்ணால் பார்த்து, தரம் போட்டுத்தான். 1995இல் வெளியிடப்பட்டு இன்றும் பயன்படும் ஓர் அளவுகோலில் 0 முதல் 4 வரை தரங்கள் உள்ளன. லேசான சிவப்பு அல்லது உலர்ந்து உரிதல் என்றால் தரம் 1. பளிச்சென்ற சிவப்பு அல்லது ஆங்காங்கே ஈரமாக உரிதல் என்றால் தரம் 2. ஈரமாக உரிதல் பரவினால் 3. ஆழமான புண், இரத்தக்கசிவு என்றால் 4.

கவனித்தீர்களா? தொடக்க எச்சரிக்கை முழுவதும் 'சிவப்பு' என்ற ஒரு சொல்லையே பெரிதும் நம்பி நிற்கிறது. நம்மில் பலருடைய மாநிறத் தோலிலும் கருந்தோலிலும் அழற்சி பளிச்சென்று சிவப்பாகத் தெரிவதில்லை. இருந்த நிறம் இன்னும் கருக்கும். ஊதா அல்லது சாம்பல் சாயல் படரும். சிவப்பை மட்டும் தேடும் கண் அங்கே '0' என்று குறித்துவிடலாம். அந்த நேரத்தில் நோயாளிக்கு எரிச்சலும் அரிப்பும் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கும். பிறகு தோல் உரியும்போது, அது திடீரென வந்ததுபோல் தோன்றும். உண்மையில் அது திடீரென வரவில்லை. நாம்தான் பார்க்கத் தவறினோம்.

பாதிப்பு ஒருவரோடு நிற்பதில்லை. ஒரு புதிய களிம்பைச் சோதிக்கும் ஆய்வில் இப்படித் தரம் குறைத்துப் போடப்பட்டால், களிம்பு வேலை செய்ததா, கண் ஏமாந்ததா என்று எப்படிச் சொல்வது?

அளவுகோலைத் தூக்கி எறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதோடு வேறு சிலவற்றையும் சேர்க்க வேண்டும் என்கிறேன். சிகிச்சைக்கு முன்பே, நோயாளியின் அனுமதியுடன், ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து வைக்கலாம். கதிர் படாத மறுபக்கத் தோலோடு ஒப்பிடலாம். உங்கள் பரிசோதனைகளில் வரும் 'கட்டுப்பாடு' போன்றது அது. சூட்டையும் வீக்கத்தையும் தொட்டுப் பார்க்கலாம். நிறத்தை எண்ணாகத் தரும் கருவிகளும் உள்ளன.

எல்லாவற்றுக்கும் மேலாக, நோயாளியைக் கேட்க வேண்டும். "வலி ஆளுக்கு ஆள் வேறுபடும், அதை அறிவியலாக எடுத்துக்கொள்ள முடியுமா?" என்று சிலர் கேட்பார்கள். ஒரே தோலைப் பார்க்கும் இரண்டு மருத்துவர்கள்கூட வெவ்வேறு தரம் போடக்கூடும். அப்படியிருக்க, அந்தத் தோலுக்குள் வாழ்பவரின் சாட்சியை மட்டும் ஒதுக்குவது சரியா? அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகமே, பக்கவிளைவுகளை நோயாளிகள் தாங்களே பதிவு செய்வதற்கான கேள்விப் பட்டியலை உருவாக்கியிருக்கிறது.

இதில் உங்களுக்கும் வேலை உண்டு. நம் வீட்டுப் பெண்களில் பலர், டாக்டர் கேட்டால், "பரவாயில்லைங்க" என்று முடித்துவிடுவார்கள். உங்கள் அம்மாவோ, அத்தையோ, பாட்டியோ இந்தச் சிகிச்சையில் இருந்தால், எரிச்சல், அரிப்பு, வலி, நிற மாற்றம் ஆகியவற்றை நாள்தோறும் ஒரு நோட்டில் குறிக்க உதவுங்கள். அந்த நோட்டை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். மருத்துவக் குழுவைக் கேட்காமல் மஞ்சளோ எண்ணெயோ பூச விடாதீர்கள்.

உங்களில் சிலர் நாளை மருத்துவராகவோ தாதியாகவோ ஆகலாம். கையில் ஓர் அளவுகோலை வாங்கும்போது, இது யாருடைய தோலை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்று முதலில் கேளுங்கள்.