புது மட்டை வாங்குறதுக்கு முன்னாடி இடுப்பைத் திருப்பு மாப்ளே

கோட்டைப்பட்டினத்துக்காரன் கோல்ஃப் பத்தி எழுதுறான்னா சிரிக்கத்தான் செய்வீங்க. சிரிச்சு முடிச்சுட்டு வாங்க, இருக்கேன் :-) எங்க ஊர்ல கடல் இருக்கு, விசைப்படகு இருக்கு, கிழக்குக் கடற்கரைச் சாலை இருக்கு. குழி வெட்டிக் கொடி நட்ட புல்வெளி மட்டும் இல்லை. அதைப் பார்க்கணும்னா கொடைக்கானல் மலை ஏறணும். அங்கே 1895லேர்ந்து கோல்ஃப் கிளப் இருக்கு. ஆட்டத்துக்கு நடுவுல காட்டெருமை வந்து மேயுறதும் உண்டு.

ஆனா சிங்கப்பூர், மலேசியான்னு பொழைக்கப் போன எங்க பக்கத்துப் பசங்க சிலர் கையில இப்ப கோல்ஃப் மட்டை ஏறியிருக்கு. முதலாளி தூக்கிக் கொடுத்த பழைய செட், இல்லாட்டி யாரோ நாட்டை விட்டுக் கிளம்பும்போது விட்டுட்டுப் போனது. ஆறு மாசம் அடிச்சுப் பார்க்குறாங்க. பந்து நேராப் போக மாட்டேங்குது. வலது பக்கமா வாழைப்பழம் மாதிரி வளைஞ்சு மரத்துக்குள்ள போய் விழுது. ஸ்லைஸ்ங்கறது இதுதான். உடனே கடைக்குப் போறாங்க. கடைக்காரர் பையைத் தூக்கிப் பார்த்துட்டு, "செட் ரொம்பப் பழசு சார்"னு சொல்றார். அவர் வேற என்ன சொல்லுவார்?

என் மாப்ளே ஒருத்தன் இப்படித்தான் வந்து நிக்கிறான். ஊர்ல வீட்டுக்கு மாடி எடுக்க வெச்சிருந்த காசுல கை வைக்கலாமான்னு யோசனை. அதனாலதான் இதை எழுதுறேன், இல்லாட்டி எனக்கென்ன.

பந்து எந்தப் பக்கம் கிளம்பும்ங்கறதுல முக்கால் பங்குக்கு மேல, தொடுற நேரத்துல மட்டையோட முகம் எங்கே பார்க்குதுங்கறதைப் பொறுத்தது. அப்புறம் எப்படி வளையும்ங்கறது, மட்டை வர்ற பாதைக்கும் முகம் பார்க்குற திசைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. மட்டையும் பந்தும் ஒட்டியிருக்குறதே சுமார் அரை மில்லி விநாடி. வெளியிலேர்ந்து உள்ளே இழுத்து வெட்டுற மாதிரி மட்டை வந்து, முகமும் அந்தப் பாதைக்குத் திறந்து நின்னா பந்து வலது பக்கம் வளையும். லட்ச ரூபா மட்டைக்கும் இதே கதிதான்.

சரி, மட்டை ஏன் வெளியிலேர்ந்து வருது? கையாலயும் தோளாலயும் அடிக்கிறதால. எங்க கரையில வீச்சுவலை போடுறவரைப் பார்த்திருக்கீங்களா? பாதி வலையைத் தோள்ல போட்டு, மீதியைக் கையில அள்ளி, இடுப்பைத் திருப்பி விடுவார். கால், இடுப்பு, தோள், கடைசியாத்தான் கை. வலை வட்டமா விரியும். புதுசாப் பழகுற பையன் கையால மட்டும் எறிவான், வலை சுருண்டு பொத்துன்னு விழும். கோல்ஃப் வீச்சும் அதே வரிசைதான். மட்டை மேலே போய்த் திரும்புற நேரத்துல முதல்ல இறங்க வேண்டியது இடுப்பு. ஆரம்பக்காரனுக்கு வலது தோள் முந்திக்கிட்டு வெளியே பாயுது, கதை முடிஞ்சுது. என் மாப்ளேக்கு இதை ஒரே தடவையில புரிய வெச்சது வீச்சுவலைதான், இங்கிலீஷ் வீடியோ இல்லை.

ரெண்டு காலையும் ஒட்டி வெச்சுக்கிட்டு அரை வீச்சுல நூறு பந்து அடிங்க. கையால இழுத்தா தடுமாறுவீங்க, உடம்பே பாடம் சொல்லிக் கொடுத்துடும். குனிஞ்சு பார்த்தா இடது கையில ரெண்டு முட்டியாவது தெரியற மாதிரி பிடிங்க. மொபைலைப் பின்னாடி இடுப்பு உயரத்துல வெச்சு ஸ்லோ மோஷன்ல எடுத்துப் பாருங்க. பார்க்க அசிங்கமா இருக்கும், பரவாயில்லை.

இப்ப மட்டைக்கு வருவோம். டிரைவரோட தலை 460 சிசிக்கு மேல போகக் கூடாதுன்னு 2004லயே விதி வந்தாச்சு. முகத்தோட ஸ்பிரிங் தன்மைக்கும் 2000களிலேயே வரம்பு போட்டாச்சு. அதனால பத்து வருசப் பழைய நல்ல டிரைவரை நடுவுல அடிச்சா, புதுசு அதைவிடப் பெருசாத் தூக்கிப் போடப் போறதில்லை. ஓரத்துல பட்டா புதுசு கொஞ்சம் மன்னிக்கும், அது உண்மை.

ஐயன் மட்டையில இன்னொரு வேடிக்கை இருக்கு. 1990கள்ல 7ஆம் நம்பர் ஐயனோட சாய்வு 35, 36 டிகிரி. இப்ப ஆரம்பக்காரங்களுக்கு விக்கிற பல 7ஆம் நம்பர்ல 30க்கும் கீழே. அதாவது பழைய 5ஆம் நம்பர். கடையில அடிச்சுப் பார்த்துட்டு "20 கஜம் கூடுதலாப் போகுதே"ன்னு வாயைப் பிளக்குறோம். எடையைக் கீழே இறக்கி வெச்சு பந்தை உசரக் கிளப்புறாங்க, அந்த வித்தையை நான் குறை சொல்லலை. ஆனா கூடுன தூரத்துல பாதி, நம்பர் மாத்தி எழுதினதால வந்தது.

அதுக்காக "மட்டையில ஒண்ணுமே இல்லை, எல்லாம் ஆள்தான்"னு வசனம் பேசறவங்களோடயும் எனக்கு ஒத்துப் போகலை. அவங்க உடனே கேடிகளை இழுப்பாங்க. (கேடின்னா பை தூக்கறவங்க, வேற எதையும் நினைச்சுக்காதீங்க!) டெல்லி கோல்ஃப் கிளப்ல கேடியா இருந்த அலி ஷேர் 1991லயும் 1993லயும் இந்தியன் ஓபன் ஜெயிச்சார். பெங்களூரு முனியப்பாவும் கேடியா இருந்தவர்தான், 2009ல ஜெயிச்சார். இதுலேர்ந்து மட்டை முக்கியமில்லைன்னு எப்படி வரும்? வருசக்கணக்கா நல்ல வீச்சையும் கெட்ட வீச்சையும் பக்கத்துல நின்னு பார்த்த கண்ணு அவங்களுக்கு. வாரத்துல ஒரு ஞாயித்துக்கிழமை போற நமக்கு அது எங்கே இருக்கு? நம்ம வீச்சுக்குப் பொருந்தாத மட்டை நம்ம தப்பை இன்னும் பெருசாக்கும்.

அதனால பழைய செட்டுல செலவு பண்ண வேண்டிய இடம் இருக்கு. முதல்ல கிரிப். வழுவழுன்னு ஆயிட்டா நம்மையறியாம இறுக்கிப் பிடிப்போம், முன்கை கட்டையாயிடும், முகம் மூடாம அப்படியே திறந்து நிக்கும். எப்ப மாத்தினேன்னு மாப்ளேயைக் கேட்டேன். "கிரிப்பை மாத்தலாமா?"ன்னான். ஙேன்னு முழிச்சேன். ரெட்டைப் பக்க டேப், கொஞ்சம் ஸ்பிரிட், அரை மணி நேரம், அவ்வளவுதான் வேலை.

ரெண்டாவது ஷாஃப்ட். முதலாளி கொடுத்த செட்னா பெரும்பாலும் ஸ்டிஃப்பா இருக்கும். மெதுவா வீசறவன் கையில அது இரும்புக் கம்பி. டிரைவர் சாய்வு 9 டிகிரின்னா அதைத் தைரியமா வித்துடுங்க, 10.5 இல்லாட்டி 12 போட்ட செகண்ட் ஹேண்ட் டிரைவர் ஒண்ணு வாங்குங்க. வளைவு குறையும், பந்தும் எழும்பும். 14 மட்டை வரைக்கும் வெச்சுக்கலாம்னு விதி சொல்லுது, வெச்சே ஆகணும்னு சொல்லலை. ஆரம்பத்துல ஏழு போதும்.

பழசுன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. 1848 வாக்குல, மலாய் நாட்டு மரத்துப் பாலான கட்டாப் பெர்ச்சாவுல பந்து செய்ய ஆரம்பிச்சாங்க. புதுசுல மொழுமொழுன்னு இருக்கும், காத்துல ஒழுங்காப் பறக்காது. அடிபட்டுத் தழும்பான பழைய பந்துதான் நல்லாப் பறந்துச்சு. அதைப் பார்த்துட்டு புதுப் பந்துலயும் சுத்தியலால தழும்பு போட்டுத் தர ஆரம்பிச்சாங்க. இன்னிக்கு நாம பார்க்குற குழிப் பந்தோட தாத்தா அதுதான்.

மாப்ளேக்கு என் கணக்கு இதுதான். எல்லா மட்டைக்கும் கிரிப், ஒரு செகண்ட் ஹேண்ட் டிரைவர், நல்ல பயிற்சியாளர்கிட்ட அஞ்சு வகுப்பு. மீதிப் பணம் ஊருக்கு, மாடிக்கு. அடுத்த வருசமும் ஐயன் மாத்தணும்னு அரிப்பு இருந்தா, அப்ப அவன் வீச்சை அளந்து பார்த்து வாங்கட்டும், நானே கூடப் போறேன்.

டிஸ்கி: இடது கைக்காரங்க வலது, இடது எல்லாத்தையும் மாத்திப் படிச்சுக்கங்க.