பொரித்த கோழியும் சுட்ட ரொட்டியும்

நம் வீடுகளில் ரொட்டிக்கு நல்ல பெயர். பொரித்த கோழிக்குக் கெட்ட பெயர். காய்ச்சலில் படுத்த பிள்ளைக்கு அப்பா முதலில் வாங்கி வருவது ஒரு ரொட்டிப் பொட்டலம். ஆஸ்பத்திரியில் இருப்பவரைப் பார்க்கப் போகிறவர் கையிலும் அதுதான் இருக்கும். ரொட்டி என்றாலே லேசானது, வயிற்றுக்கு இதமானது, பத்தியத்துக்கு ஏற்றது என்று பாட்டி முதல் பேத்தி வரை நம்புகிறோம். கோழி வறுவலை மட்டும் ஆசையாகத் தின்றுவிட்டு, அப்புறம் ஏதோ பாவம் செய்தது போலப் பேசுவோம்.

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ இருட்டிய பிறகு கடைத்தெருப் பக்கம் நடந்து பார்த்தால் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் காணலாம். ஒரு பக்கம் தள்ளுவண்டியில் கொதிக்கிற எண்ணெய்ச் சட்டி. சிவக்கச் சிவக்கத் துண்டுகள். மறு பக்கம் பேக்கரியின் கண்ணாடிப் பெட்டிக்குள் பன்னும் ரொட்டியும் ரஸ்க்கும். (ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள், "பால்கோவாவை ஏன் விட்டுவிட்டீர்கள்?" என்று சண்டைக்கு வர வேண்டாம். 2019-இல் புவிசார் குறியீடே பெற்றுவிட்ட அதற்கு என் வக்காலத்து தேவையில்லை.) இவ்விரண்டில் எது உடம்புக்கு நல்லது என்று மாணவியர் அடிக்கடி கேட்கிறார்கள். "ரொட்டிதான்" என்ற விடையை எதிர்பார்த்தே கேட்கிறார்கள். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 100 கிராம் மைதா ரொட்டியில் ஏறத்தாழ 245 கலோரி சக்தி இருக்கிறது. தோலோடு மாவில் தோய்த்துப் பொரித்த கோழியில் 100 கிராமுக்கு 260 முதல் 290 கலோரி வரை. வித்தியாசம் அவ்வளவுதான்! "லேசான" ரொட்டியும் "கனமான" கோழியும் எடைக்கு எடை நிறுத்தால் சக்தியில் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் அந்தச் சக்தி எதிலிருந்து வருகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ரொட்டியில் சுமார் 50 கிராம் மாவுச்சத்து, 8 கிராம் புரதம், கொழுப்பு பெயரளவுக்கு. பொரித்த கோழியிலோ 22 முதல் 25 கிராம் புரதம். கூடவே 13 முதல் 17 கிராம் கொழுப்பு. தோலை நீக்கிய வெறும் கோழிச் சதைக்கு 110, 120 கலோரிதான் உண்டு. மிச்சமெல்லாம் சட்டியிலிருந்தும், தோலிலிருந்தும், மேலே பூசிய மாவிலிருந்தும் வந்தவை. ஆக, கோழியின் கெட்ட பெயருக்குக் காரணம் கோழி அல்ல, அதன் சட்டை!

பொரிக்கும்போது நடப்பது இதுதான். எண்ணெயின் சூடு 170, 180 டிகிரி வரை போகிறது. துண்டின் மேற்பரப்பிலுள்ள நீர் ஆவியாகிப் பொங்கி வெளியேறுகிறது. 'சொய்ங்' என்ற அந்தச் சத்தம் அதுவே. நீர் போன இடத்தில் எண்ணெய் புகுகிறது. மாவுப்பூச்சு தடிமனாக இருக்க இருக்க அது குடிக்கும் எண்ணெயும் அதிகம். காலையில் ஊற்றிய எண்ணெயே இரவு வரை கொதித்தால் அது கறுத்துக் கெட்டியாகி, உடம்புக்கு ஆகாத பொருள்கள் அதில் சேர்கின்றன. இதற்கு ஓர் அளவு வகுத்து, அதற்கு மேல் கெட்ட எண்ணெயில் சமைக்கக் கூடாதென 2018 ஜூலை முதல் நாடு முழுவதும் சட்டமே இருக்கிறது. தள்ளுவண்டிச் சட்டியை யார் போய் அளந்து பார்ப்பது என்பது வேறு கதை. சென்னை புகாரி ஓட்டலில் 1965-இல் பிறந்ததாகச் சொல்லப்படும் 'சிக்கன் 65' நம் ஊர் முக்குக் கடை வரை வந்து சேர்ந்திருக்கிறது. வழியில் அது வாங்கிக்கொண்ட கண்ணைப் பறிக்கும் சிவப்பு மிளகாயால் வந்ததா, சாயப்பொடியால் வந்ததா என்று சந்தேகப்படுவதில் தவறில்லை. விரலில் ஒட்டிய நிறம் சோப்புப் போட்டும் போகாவிட்டால் விடை தெரிந்துவிடும்.

நிற்க. ரொட்டியின் நல்ல பெயரை இனிச் சோதிப்போம்.

கோதுமையின் தவிட்டையும் முளையையும் நீக்கியபின் எஞ்சும் வெள்ளை மாவே மைதா. நார்ச்சத்தும், பி வகை உயிர்ச்சத்துகளும், இரும்பும் பெரும்பாலும் நீக்கிய பகுதியோடேயே போய்விடுகின்றன. எஞ்சிய புரதத்திலும் ஒரு குறை உண்டு: லைசின் என்னும் அமினோ அமிலம் கோதுமையில் போதாது. இதை நம் அரசாங்கமே உணர்ந்திருந்தது. 1965-இல் மத்திய அரசு தொடங்கிய மாடர்ன் பேக்கரீஸ் நிறுவனம் தன் ரொட்டியில் உயிர்ச்சத்துகளையும் லைசினையும் கலந்து விற்றது. சத்துக் குறைவான பண்டம் என்று தெரிந்ததால்தானே சேர்க்க வேண்டியிருந்தது? அந்த நிறுவனம் 2000-இல் தனியார் கைக்குப் போய்விட்டது. பேக்கரிகளில் மாவைப் பொங்கி வரச் செய்யச் சேர்த்துவந்த பொட்டாசியம் புரோமேட்டை, புற்றுநோய் அச்சத்தால் 2016-இல் தடை செய்தார்கள். பழுப்பு நிற ரொட்டி வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் உறையைத் திருப்பி, பொடி எழுத்தைப் படிக்க வேண்டும். முதல் பெயர் மைதாவாக இருந்து, கடைசியில் 'காரமல்' என்றிருந்தால் அது கருகிய சர்க்கரையின் நிறமே தவிர தவிட்டின் நிறமல்ல. உப்பும் குறைவில்லை. 100 கிராம் ரொட்டியில் ஒரு கிராமுக்கு மேலேயே இருக்கக்கூடும். நாளெல்லாம் சேர்த்தே 5 கிராமுக்குள் நிற்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இந்த வழக்கில் ஒரு பழைய சாட்சி நம் நீலகிரியிலேயே இருக்கிறது. குன்னூரில் சர் ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தை வளர்த்தார். 1918-இல் சிறிய அளவில் தொடங்கிய அதுவே பிற்பாடு ஹைதராபாத்துக்கு மாறி, தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. அவர் வெள்ளெலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, பல நாட்டு மக்களின் உணவை அவற்றுக்குக் கொடுத்துப் பார்த்தார். முழுக் கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி, எப்போதாவது கொஞ்சம் இறைச்சி என்ற சீக்கியர் உணவை உண்டவை கொழுகொழுவென வளர்ந்தன. இங்கிலாந்து ஏழைகளின் வெள்ளை ரொட்டி, மார்கரின், ஜாம், சர்க்கரை போட்ட தேநீர், டின் இறைச்சி ஆகியவற்றைத் தின்றவையோ குன்றிப்போய், ஒன்றோடொன்று சண்டையிட்டு, கடைசியில் வலுவற்றவற்றைக் கடித்துத் தின்னவும் தொடங்கின. கவனியுங்கள், இரண்டு கூட்டத்துக்கும் கோதுமைதான்! முழுத் தானியமும் அதோடு சேர்ந்த பாலும் காயும் ஒரு கூட்டத்தை வாழவைத்தன. வெளுத்த மாவும் ஜாமும் மற்றதை வீழ்த்தின. நமக்கு இன்னும் உறுத்துகிற செய்தி ஒன்றுண்டு. இந்தியப் பகுதிகளின் உணவுகளை ஒப்பிட்டபோது, தீட்டிய அரிசியை நம்பிய சென்னை மாகாண உணவை உண்ட எலிகளே எடையில் கடைசியில் நின்றன. எலி மனுஷியல்ல என்பது உண்மைதான். இருந்தாலும் வெறும் வெள்ளைச் சோற்றிலிருந்து வெறும் வெள்ளை ரொட்டிக்கு மாறுவதை முன்னேற்றம் என்று நாம் கொண்டாடலாமா?

இனி நம் பெண்பிள்ளைகளுக்கு வருகிறேன். 16 முதல் 18 வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 46 கிராம் புரதமும் 32 மில்லிகிராம் இரும்பும் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்திருக்கிறது. அதே வயதுப் பையனுக்கு இரும்பு 26 போதும்; பெண்ணுக்கே அதிகம் தேவை. ஆனால் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தச்சோகை. ஒரு வகுப்பில் அறுபது பேர் இருந்தால் முப்பதுக்கு மேற்பட்டவர்கள்! காலை வழிபாட்டு வரிசையில் மயங்கி விழுகிற பிள்ளையை, "சாப்பிடாமல் வந்தாயா?" என்று கேட்டால், "பன்னும் டீயும் சாப்பிட்டேன், சிஸ்டர்" என்கிறாள். அவளைப் பொறுத்தவரை அது சாப்பாடுதான். நூற்பாலைக்கு முதல் ஷிப்டு போகும் தாயும் அதையே சாப்பிட்டுவிட்டுத்தான் ஓடுகிறாள். பன்னில் இரும்பு சொற்பம். கூடக் குடிக்கும் தேநீர் அந்தச் சொற்பத்தையும் குடல் உறிஞ்சவிடாமல் தடுக்கிறது. கோழியிலும் இரும்பு அதிகமில்லை, 100 கிராமுக்கு ஒரு மில்லிகிராம் அளவே. ஆனால் அதில் ஒரு பகுதி உடம்பில் சுலபமாகச் சேரும் வகை. அதோடு, கூட உண்ணும் கீரையிலும் கம்பிலும் உள்ள இரும்பையும் அது சேர வைக்கிறது. பி 12 என்ற உயிர்ச்சத்து கோழியில் உண்டு, ரொட்டியில் இல்லை.

இவ்விடத்தில் தாய்மார்களிடம் ஒரு வார்த்தை. "பிராய்லர் கோழிக்கு ஊசி போடுகிறார்களாம், பெண் சீக்கிரம் பெரியவளாகிவிடுவாளாம்" என்று சொல்லிப் பெண்ணுக்கு மட்டும் கோழியை மறுக்கும் வீடுகள் உண்டு. ஆறு வாரத்தில் அந்தக் கோழி இரண்டு கிலோ தேறுவது பல தலைமுறை இனத்தேர்வாலும் தீவனத்தாலுமே. வளர்ச்சி ஊசியால் அல்ல. பயப்பட வேண்டியது பண்ணைகளில் கணக்கில்லாமல் கொடுக்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுக்கு. அவற்றில் கொலிஸ்டின் என்ற ஒன்றை 2019-இல் மத்திய அரசு கால்நடைகளுக்குத் தடை செய்தது. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அது பையனுக்கும் பெண்ணுக்கும் பொதுவானது அல்லவா?

விருதுநகரில் பிறந்த காமராசர் 1956-இல் மதிய உணவைக் கொண்டுவந்தார். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக்கினார், பிறகு முட்டையும் தட்டில் ஏறியது. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். ஒரு பன்னைவிட அது மேல். விலையும் பொரித்த கோழிக்குப் பக்கத்தில்கூட வராது. 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கென்றே வந்தது. இரும்பு அதிகம் வேண்டிய வயதில் பெண்ணின் காலைப் பசி வீட்டுப் பொறுப்பு என்றே ஆகிவிட்டது. நம் கரிசல் பூமியில் கம்பும் குதிரைவாலியும் விளைகின்றன. வேலியோரம் முருங்கை நிற்கிறது. இவற்றைத் தாண்டிக்கொண்டுபோய்ப் பன் வாங்குகிறோம்.

ஆகவே என் கருத்து இது. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால், வளரும் பெண்ணுக்குக் கோழியையே எடுப்பேன். கடைச் சட்டியில் மூழ்கி எழுந்ததை அல்ல. வீட்டில் தோலை நீக்கி, இரண்டு கரண்டி எண்ணெயில் மிளகும் வெங்காயமும் போட்டு வறுத்ததை, அல்லது குழம்பில் வெந்ததை. ரொட்டி வேண்டுமானால் முட்டையோடோ, சுண்டலோடோ, நிலக்கடலைத் துவையலோடோ தின்னலாம். கோதுமையில் குறைந்த லைசினை முட்டையும் சுண்டலும் ஈடுசெய்யும். தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும். காய்ச்சல்காரருக்கு ரொட்டி வாங்கிப் போவதை நான் தடுக்கவில்லை. அவருக்கு எழுந்து நடக்கத் தெம்பு வந்தபின்னும் அதையே நீட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

இன்னொரு கணக்கும் உண்டு, அது எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ கோழி வாங்குகிறோம். எலும்பு போகச் சதை அறுநூறு, அறுநூற்றைம்பது கிராம் தேறும். வீட்டில் ஐந்து பேர். சமமாகப் பங்கிட்டால் ஒவ்வொருவருக்கும் சுமார் 25 கிராம் புரதம். உங்கள் மகளுக்கு அன்றைய தேவையில் பாதிக்கு மேல். பெரும்பாலான வீடுகளில் தொடை இரண்டும் அப்பாவுக்கும் தம்பிக்கும் போகின்றன, நெஞ்சுக்கறி விருந்தாளிக்கு. அக்காவின் தட்டில் கழுத்தும் இறக்கையும் இரண்டு கரண்டிக் குழம்பும், அம்மாவின் தட்டில் சட்டியில் ஒட்டியது. வருகிற ஞாயிற்றுக்கிழமை, பரிமாறும் கரண்டியை மகளிடமே ஒரு தடவை கொடுத்துப் பாருங்களேன்.