எட்டரை வண்டியில் எத்தனை ஜட்ஜ்!

பம்மல் என்றதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருகிறது? கமல்ஹாசன் என்றால், நீங்கள் 2002-ல் 'பம்மல் கே. சம்பந்தம்' பார்த்துச் சிரித்த கட்சி. உங்கள் தாத்தாவைக் கேட்டால் வேறொருவரைச் சொல்வார். பம்மல் சம்பந்த முதலியார். 1873-ல் பிறந்து 1964 வரை வாழ்ந்தவர். எண்பதுக்கு மேல் நாடகங்கள் எழுதியவர். 1891-ல் சுகுண விலாஸ சபை ஆரம்பித்து, படித்து உத்தியோகம் பார்ப்பவர்களும் மேடையேறி வேஷம் கட்டலாம் என்று ஊருக்குக் காட்டியவர். அதற்கு முன்பெல்லாம் நடிகன் என்றால், 'கூத்தாடி' என்று ஒரே வார்த்தையில் கேஸை முடித்துவிடுவார்கள்.

பலருக்குத் தெரியாத சமாசாரம், மனுஷர் உத்தியோகத்தில் ஜட்ஜ்! சென்னை ஸ்மால் காஸ் கோர்ட்டில் தீர்ப்புச் சொல்லி, 1928-ல் ரிட்டயர் ஆனார்.

அவருக்கப்புறம் பம்மலில் ஜட்ஜ்களுக்குப் பஞ்சமாகிவிட்டதா என்றால், அதுதான் இல்லை. பல்லாவரம் ஸ்டேஷனில் காலை எட்டரை மணி வாக்கில் பீச் வண்டி ஏறிப் பாருங்கள். கம்பார்ட்மெண்டுக்கு நூறு ஜட்ஜ்.

"கவுன்சிலர் புதுக் கார் வாங்கியிருக்கான், பார்த்தியா? எல்லாம் நம்ம தெருவுக்குப் போடாத ரோடுப்பா."

"எதிர் வீட்டுப் பொண்ணு ராத்திரி பதினோரு மணிக்கு வருது சார். என்ன ஆபீஸோ, என்ன வேலையோ!"

"எங்க செக்‌ஷன்ல ஒருத்தர், ஞாயித்துக்கிழமை சர்ச்சுல கண்ணீர் விட்டு ஜெபம். திங்கக்கிழமை பத்து வட்டி. இவரெல்லாம் மோட்சத்துக்குப் போவாரா?"

குற்றம் சாட்டப்பட்டவர் ஆஜராகவில்லை. சாட்சி இல்லை, வக்கீல் இல்லை. திரிசூலத்தில் கேஸ் எடுத்தால் கிண்டி வருவதற்குள் தீர்ப்பு. அப்பீல் கிடையாது. நாட்டில் வழக்குகள் வருஷக்கணக்கில் தேங்கிக் கிடப்பதாகக் கவலைப்படுகிறார்களே, பேசாமல் அத்தனையையும் தெற்கு ரயில்வேயிடம் கொடுத்துவிடலாம்.

*

இயேசு நாதர் அடிக்கடி மல்லுக்கு நின்றது இந்த மாதிரி ஜட்ஜ்களிடம்தான். அடுத்தவன் கண்ணில் இருக்கும் துரும்பை எடுக்கப் போகிறவன் கண்ணில் ஓர் உத்திரமே கிடக்கிறது என்று ஒரு படம் வரைந்து காட்டினாரே, அது தச்சுப்பட்டறையில் வேலை பார்த்தவர் அடித்த ஜோக். நாம் அதை உபதேசம் என்று நினைத்துச் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறோம். கண்ணிலிருந்து உத்திரம் நீட்டிக்கொண்டிருக்கிற ஆசாமி ஒருவர், 'கொஞ்சம் கண்ணைக் காட்டுங்க சார்' என்று உங்கள் பக்கத்து சீட்டுக்கு வருகிறார். கூட்டமான வண்டியில் எத்தனை பேர் மண்டை உடையும்!

இன்னொரு கதை, கோயிலுக்கு ஜெபம் பண்ணப் போன இரண்டு பேருடையது. ஒருவன் பரிசேயன். இன்னொருவன் ஆயக்காரன், அதாவது வரி வசூல். பரிசேயனின் ஜெபத்தைப் படித்தால், ஆபீசில் வருஷக் கடைசியில் நாம் நிரப்பும் செல்ஃப் அப்ரைசல் ஃபாரம் மாதிரியே இருக்கும். வாரத்துக்கு இத்தனை விரதம், சம்பாத்தியத்தில் இவ்வளவு காணிக்கை, முக்கியமாக அதோ நிற்கிறானே அவனைப் போல நான் இல்லை. ஆயக்காரன் ஃபாரம் நிரப்பவே இல்லை. தலையைக்கூட நிமிர்த்தாமல், இரக்கம் வேண்டும் என்று மட்டும் கேட்டான். இன்கிரிமெண்ட் கிடைத்தது அவனுக்குத்தான்.

இந்தக் கதையில் ஒரு கண்ணி இருக்கிறது. படித்து முடித்ததும் நமக்கு என்ன தோன்றுகிறது? 'நல்ல வேளை, நான் அந்தப் பரிசேயன் மாதிரி இல்லை!' ஆக, அவனுடைய ஜெபத்தையே நாமும் சொல்லி முடித்துவிட்டோம்.

*

இந்த விவகாரம் உலக அளவில் விவாதிக்கப்பட்டது எங்கே தெரியுமா? பல்லாவரத்திலிருந்து மூன்றாவது ஸ்டேஷனில்.

1938 டிசம்பர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அங்கே சர்வதேச மிஷனரி கவுன்சில் மாநாடு. அறுபதுக்கு மேற்பட்ட தேசங்களிலிருந்து சுமார் 470 பேர். முதலில் சீனாவில் கூடுவதாகத்தான் ஏற்பாடு. ஜப்பான் அங்கே யுத்தம் தொடுத்துவிட்டதால் தாம்பரத்துக்கு மாறியது. சீனாக்காரர்களும் ஜப்பான்காரர்களும் இங்கே ஒரே கூடத்தில் உட்கார்ந்து ஜெபம் செய்தார்கள். ஊரில் இரண்டு தேசத்துச் சிப்பாய்களும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்த நேரம் அது!

மாநாட்டுக்கென்றே ஹெண்ட்ரிக் கிரேமர் என்ற டச்சுக்கார அறிஞர் ஒரு தடிமனான புத்தகம் எழுதியிருந்தார். ஜாவாவில் வருஷக்கணக்கில் வேலை செய்தவர். கிறிஸ்துவிடம் வெளிப்பட்டது வேறு, மற்ற மதங்கள் வேறு, இதிலிருந்து அதற்கு நேராகப் பாலம் போட முடியாது என்பது அவர் கட்சி. உடனே அவருக்கும் ஒரு முத்திரை குத்திவிடாதீர்கள். கிறிஸ்தவ மதம் என்று மனுஷர்கள் கட்டி வைத்திருப்பதும் கடவுளின் தீர்ப்புக்கு உட்பட்டதுதான் என்றும் அவரே எழுதினார். தன் வீட்டுக்கும் சேர்த்து சம்மன் அனுப்பியவர்.

எதிர்த்துப் பேசியவர்களில் முக்கியமானவர் ஆல்ஃபிரட் ஜார்ஜ் ஹாக். ஸ்காட்லாந்துக்காரர். அந்தக் கல்லூரியிலேயே பத்து வருஷம் பிரின்சிபாலாக இருந்தவர். அடுத்தவனுடைய சித்தாந்தம் தப்பு என்று நீ வாதாடலாம். ஆனால் அந்தச் சித்தாந்தத்துக்குள் இருந்துகொண்டே ஒருவன் நிஜமாகக் கடவுளோடு உறவாடிக்கொண்டிருக்கலாம். அந்த விசுவாசத்தைக் கண்டால் மரியாதை செய் என்பது அவர் வாதம். கொள்கை வேறு, மனுஷனின் விசுவாசம் வேறு. இளம் வயதில் தன் நம்பிக்கையே ஆட்டம் கண்டு தவித்து மீண்டவர் ஹாக். பள்ளத்தில் விழுந்து எழுந்தவனுக்குத்தான் பள்ளத்தின் ஆழம் தெரியும்.

இரண்டு கட்சிக்கும் இன்றுவரை ஆள் இருக்கிறது. அதை இந்தப் பக்கத்தில் தீர்த்துவைக்க நான் யார்? (ஜட்ஜ் வேலை வேண்டாம் என்றுதானே இவ்வளவும் பேசிக்கொண்டிருக்கிறோம்!)

ஆனால் ஹாக் இதை வாயால் மட்டும் சொல்லவில்லை என்பதற்கு முப்பது வருஷம் முந்திய அத்தாட்சி ஒன்று உண்டு.

*

1908. கல்லூரி அப்போது ஜார்ஜ் டவுனில். இருபது வயதுகூட நிறையாத ஓர் எம்.ஏ. மாணவன். வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கே இடமில்லை என்று மிஷனரிகள் விமர்சனம் செய்துகொண்டிருந்த காலம். பையனுக்கு அது சுருக்கென்று தைத்தது. இடமுண்டு என்று நிரூபித்து ஆய்வுக் கட்டுரை எழுதினான். எழுதிய பிறகுதான் பயம் வந்தது. திருத்தப் போகிறவர் மிஷனரிப் பேராசிரியர் ஹாக் ஆயிற்றே!

எட்டரை வண்டி நியாயப்படி பார்த்தால் என்ன நடந்திருக்க வேண்டும்? 'எங்க காலேஜ்ல படிச்சுக்கிட்டு எங்களுக்கே பதில் சொல்றியா?' என்று சிவப்பு மையில் ஒரு சுழி.

ஹாக் அப்படிச் செய்யவில்லை. கஷ்டமான விஷயத்தைப் பையன் லாகவமாகக் கையாண்டிருக்கிறான் என்று மனசாரப் பாராட்டி சர்ட்டிஃபிகேட் கொடுத்தார். அந்தப் பையன் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். 1962-ல் நாட்டின் ஜனாதிபதி. அவர் பிறந்த நாளான செப்டம்பர் 5-ஐத்தான் ஆசிரியர் தினம் என்று கொண்டாடுகிறோம்.

யோசித்துப் பாருங்கள். ஹாக் தன் மதத்தை ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்கவில்லை. கடைசிவரை மிஷனரிதான். எதிர்த்து எழுதியவனின் திறமையை ஒப்புக்கொள்ள, சொந்த நம்பிக்கையைக் கழற்றி ஆணியில் மாட்ட வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை. அடக்கம் என்பது இதுதான். 'எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க' என்று குழைவது அல்ல. 'எனக்குத் தெரியாததும் இவனிடம் இருக்கலாம்' என்று இடம் விடுவது.

*

எட்டரை வண்டி மீனம்பாக்கம், பழவந்தாங்கல் தாண்டியதும் பரங்கிமலை வருகிறது. இயேசுவின் சீடர் தோமா அங்கேதான் உயிர் விட்டார் என்பது மரபு. உச்சியில் போர்ச்சுகீசியர் கட்டிய கோயில் இருக்கிறது. இரண்டாயிரம் வருஷமாக உலகம் அவருக்குக் கொடுத்திருக்கும் பட்டப் பெயர், 'சந்தேகத் தோமா'. இயேசு உயிர்த்தெழுந்தார் என்று மற்றவர்கள் சொன்னபோது, காயத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றாராம். அந்த ஒரு பேச்சு ஆயுசுக்கும் ஒட்டிக்கொண்டது.

இதே தோமா அதற்கு முன்னால் என்ன செய்தார்? யூதேயாவுக்குப் போனால் கல்லெறிந்து கொன்றுவிடுவார்கள் என்று மற்ற சீடர்கள் இயேசுவைத் தடுத்த நேரத்தில், நாமும் கூடப் போவோம், செத்தால் அவரோடு சாவோம் என்று எழுந்து நின்றவர் அவர்தான். அதற்காக யாராவது அவரை 'தைரியத் தோமா' என்கிறோமா? சாவுக்குத் துணிந்தது ஃபைலில் ஏறவில்லை. சந்தேகப்பட்டது மட்டும் சர்வீஸ் ரிஜிஸ்டரில் சிவப்பு மையில் ஏறிவிட்டது.

இயேசு என்ன செய்தார்? மெமோ கொடுக்கவில்லை. எட்டு நாள் கழித்து வந்து, தொட்டுப் பார்த்துக்கொள் என்று காயத்தை நீட்டினார்.

*

'அப்ப லஞ்சம் வாங்குறவனையும் காயத்தைக் காட்டிக் கும்பிடணுமா சார்?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. கோயிலில் வியாபாரம் பண்ணியவர்களின் மேஜையைக் கவிழ்த்தவரும் அதே இயேசுதான். தப்பைத் தப்பு என்று சொல்லியே ஆகவேண்டும். கவுன்சிலர் ரோடு போடவில்லையா? எழுதிக் கேளுங்கள். கணக்குக் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். ஆதாரம் இருந்தால் லஞ்ச ஒழிப்புத் துறைக்கே போங்கள். அது குடிமகனின் கடமை. ஆனால் எட்டரை வண்டியில் உறுமுகிறவர்களில் எத்தனை பேர் ஒரு மனு எழுதியிருப்பார்கள்? தீர்ப்புச் சொல்லிவிட்டால் வேலை முடிந்த மாதிரி ஒரு திருப்தி. ரோடு அப்படியேதான் கிடக்கும்.

சகேயு என்று ஒரு பெரிய வரி அதிகாரி. ஊரை அடித்து உலையில் போட்டவன் என்று பெயர். குள்ளமான ஆள், கூட்டத்தில் இயேசுவைப் பார்க்க முடியாமல் மரத்தில் ஏறிக்கொண்டான். இயேசு நிமிர்ந்து பார்த்து, பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, இன்றைக்கு உன் வீட்டில்தான் தங்கல் என்றார். ஊரே முணுமுணுத்தது. ஆனால் கீழே இறங்கிய சகேயு, சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான். அதுவரை ஊர் திட்டித் தீர்த்ததில் ஒரு பைசாவாவது திரும்பி வந்ததா?

*

ஆபீசில் ஒருத்தர் தினம் பத்தரைக்கு வருகிறார். சோம்பேறி என்று கேண்டீன் பெஞ்ச் தீர்ப்பளித்துவிட்டது. வீட்டில் பக்கவாதத்தில் படுத்திருக்கும் அம்மாவைக் குளிப்பாட்டிச் சாப்பாடு ஊட்டிவிட்டு வருகிறாரோ என்னவோ! இல்லை, நிஜமாகவே சோம்பேறியாகவும் இருக்கலாம். கேட்டால்தானே தெரியும்? தீர்ப்புச் சொன்னவர்கள் கேட்கமாட்டார்கள். கேட்டு, பதில் வேறாக இருந்துவிட்டால் தீர்ப்பை மாற்ற வேண்டிவரும். பத்தரை மணிக்காரருக்கோ, அத்தனை பேர் பார்வையும் முதுகில் குத்தும். உதவி கேட்க வேண்டியவர் வாயைத் திறக்காமலே இருந்துவிடுவார். நம் தீர்ப்புக்கு யாரோ தண்டனை அனுபவிக்கிறார்கள் என்பது நமக்குத் தெரிவதே இல்லை.

முதலியார்வாள் விஷயத்துக்கே வருவோம். இளம் வயதில் அவருக்குத் தமிழ் நாடகம் என்றாலே இளக்காரம். பல்லாரி கிருஷ்ணமாச்சார்லு கோஷ்டி சென்னைக்கு வந்து போட்ட தெலுங்கு நாடகத்தைப் பார்த்த பிறகுதான், அட, நம் பாஷையிலும் இப்படிச் செய்யலாமே என்று தோன்றியது. போய்ப் பார்த்தார், மனசை மாற்றிக்கொண்டார். அதனால்தான் நமக்கு 'சபாபதி' கிடைத்தது.

கோர்ட்டு என்றாலே நமக்கெல்லாம் கடுப்பேற்றுகிற விஷயம் ஒன்று உண்டு. வாய்தா. எடுத்ததற்கெல்லாம் தேதி தள்ளிவைப்பது. மனசுக்குள் நடக்கிற கோர்ட்டில் மட்டும் அது ரொம்ப நல்ல பழக்கம். அடுத்தவர் கேஸ் வந்தால் கூசாமல் ஒரு வாய்தா போடுங்கள். மேலே இருக்கிற ஜட்ஜ் நம் கேஸுக்கும் அப்படித்தான் தள்ளிவைத்துக்கொண்டிருக்கிறார்.