கடைப் பரிசோதனை

நகரசபை உத்தியோகஸ்தர்கள் கடைகளைப் பரிசோதிப்பது ஜனங்களுக்குச் செய்யும் ஊழியமா, வர்த்தகர்களுக்கு இழைக்கும் உபத்திரவமா என்ற விவாதம் நம் ஊர்களில் ஓய்ந்தபாடில்லை. பரிசோதனை அவசியம் என்பதே நமது திடமான அபிப்பிராயம். ஆனால் அது நடைபெறும் முறை திருப்திகரமாயில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

2008ஆம் வருஷம் சென்னை ரங்கநாதன் தெருவில் ஒரு பெரிய கடையில் தீப்பற்றி, ஊழியர் இருவர் மாண்டனர். 2017ஆம் வருஷம் மே 31ந் தேதி, அதே தியாகராய நகரில் பல மாடி ஜவுளிக் கடையொன்று தீக்கிரையாகி, முடிவில் இடித்துத் தள்ளப்பட்டது. இக்கட்டடங்கள் ஒரே இரவில் முளைத்தவையல்ல. எண்ணற்ற ஜனங்கள் நாள்தோறும் ஏறி இறங்கிய இடங்கள். அவற்றைப் பார்வையிட்டவர் யார், கண்டு எழுதியது என்ன என்பதை அங்கே சாமான் வாங்கச் சென்றவர் எவரேனும் அறிவரா?

சிறு வியாபாரியின் விஷயமோ வேறு. ஒரு முறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் சாமான்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் நம் மாகாணத்தில் தடை அமுலுக்கு வந்தது. நல்ல சட்டம்தான். பெட்டிக்கடையில் நாலு பைகள் அகப்பட்டால் பறிமுதலும் அபராதமும் உடனே விழும். விதியை மீறி மாடிமேல் மாடி எழுப்பியவர்களுக்கோ, கட்டணத்தின் பேரில் விலக்கு அளிக்க 1998ஆம் வருஷத்திலேயே நகரமைப்புச் சட்டத்தில் ஒரு ஷரத்து சேர்க்கப்பட்டது. பை உயிரைக் கொல்லாது. வழியற்ற மாடி கொல்லும். அபாயம் மிகுந்த இடத்தில் தயவும், குறைந்த இடத்தில் கடுமையும் காட்டுவது எந்த நியாயம்?

இதற்குப் புதிய சட்டம் தேடி அலைய வேண்டியதில்லை. 2011 ஆகஸ்டு முதல் அமுலிலிருக்கும் 2006ஆம் வருஷத்து உணவுச் சட்டத்தைப் பாருங்கள். குறை கண்டால், அது இன்னது, திருத்தும் வழி இன்னது என்று எழுதி, 14 நாளுக்குக் குறையாத தவணையுடன் நோட்டீஸ் கொடுக்க 32வது பிரிவு இடமளிக்கிறது. தகுந்த காரணமின்றித் தொந்தரவு செய்யும் உத்தியோகஸ்தருக்கு ஒரு லக்ஷம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 39வது பிரிவு வகை செய்கிறது. கடைக்காரருக்கு இத்தகைய பாதுகாப்பு இருந்தால், பரிசோதனையை அவர் வெறுக்கக் காரணமிராது.

நகரசபைகளும் இம்முறையைக் கையாளட்டும். பரிசோதகர் கண்டதை எழுதிக் கையொப்பமிட்டு, ஒரு பிரதியைக் கடைக்காரரிடம் கொடுக்க வேண்டும். மற்றொன்றை ஜனங்கள் காணும்படி வாசலில் ஒட்ட வேண்டும். ஜனங்கள் அதிகமாகக் கூடும் பெரிய கட்டடங்களே ஜாபிதாவில் முதலில் வர வேண்டும். மாதந்தோறும் அந்த அறிக்கைகள் சபைக் கூட்டத்தில் படிக்கப்பட வேண்டும்.

படிப்பதற்குச் சபை இருக்கவும் வேண்டும். 2016ல் பதவிக்காலம் முடிந்தபின், 2022 பிப்ரவரி வரை நமது நகரங்களில் தேர்தலே நடைபெறவில்லை. அத்தனை வருஷங்களும் தனி அதிகாரிகளே ஆண்டனர். கேட்க ஆளில்லாத இடத்தில் பரிசோதகர் யாருக்குப் பதில் சொல்வார்? ஸ்தல சுயாட்சி வாசகத்தில் மட்டும் இருந்து பயனில்லை. கடை வாசலில் ஒட்டிய ஒரு காகிதத்தில் அது தெரியட்டும். வாங்குவோர், விற்போர் இருவருக்கும் அது க்ஷேமம்.