வெயில் கறுப்பாக்கும் யானை

"திருத்தம் எதுவும் செய்யப்படாத படம்" என்ற குறிப்புடன் காட்டுயிர்ப் படங்களை வெளியிடுவது இப்போது ஒரு பெருமையாகிவிட்டது. கமரா தந்ததை அப்படியே தந்திருக்கிறேன், ஆகவே இது உண்மை என்பது அக்குறிப்பின் உட்பொருள். கை வைத்தவன் பொய்யன், கை வைக்காதவன் நேர்மையாளன் என்ற இந்தப் பாகுபாடு கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. மட்டக்களப்பு வாவிக்கரையின் நண்பகல் வெயிலில் வைத்துப் பார்த்தால் அதன் சாயம் வெளுத்துவிடும்.

சான்றுக்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை. வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளி எனப் படுவான்கரைப் பகுதிகளிலிருந்து வரும் காட்டு யானைப் படங்களைப் பாருங்கள். பின்னால் பளபளக்கும் குளத்து நீர். அல்லது அறுவடை முடிந்த வயலின் வெளிறிய வைக்கோல். நடுவே கரிக்கட்டி போன்ற ஓர் உருவம். கண் தெரியாது, காதின் விளிம்பு தெரியாது, தோலின் மடிப்புத் தெரியாது. அந்தக் கரிய உருவத்தின் மேல் "யானை அட்டகாசம்" என்று தலைப்பும் போட்டுவிட்டால் வாசகர் மனதில் பதிவது ஒரு விலங்கு அன்று, ஒரு பூதம்.

அந்தக் கறுப்பில் மறைந்துபோனது என்ன? கட்டுத்துவக்கின் ஈயம் துளைத்த கால் மறைந்துபோனது. சுருக்குக் கம்பி அறுத்த தும்பிக்கை மறைந்துபோனது. காட்டுப்பன்றிக்கு என்று உணவுக்குள் ஒளித்து வைக்கப்படும் ஹக்கபட்டாஸ் வெடியைக் கடித்து, வாய் சிதைந்து, உண்ண முடியாமல் நாட்கணக்கில் பட்டினியால் சாகும் இளம் யானைகள் இந்நாட்டில் ஏராளம். விலா எலும்பும் முதுகெலும்பும் துருத்தி நிற்பதையும் கன்னப்பொறி குழிவிழுந்திருப்பதையும் கொண்டே ஒரு யானையின் உடல்நிலையை அறிகிறார்கள். ஒளியளவு தவறிய படத்தில் இவற்றில் ஒன்றுகூட மிஞ்சுவதில்லை.

இது யானைக்கு மட்டும் நேரும் இழப்பு அன்று. பெரும்போக நெல்லைக் காக்க யானைவெடியோடு இரவிரவாகக் காவலிருக்கும் விவசாயிக்கும் தெளிவான படம் வேண்டும். காதின் கிழிசல், வாலின் மயிர், தோலின் தழும்பு ஆகியவற்றைக் கொண்டே யானைகளைத் தனித்தனியே இனங்காண்கிறார்கள். ஊருக்குள் திரும்பத் திரும்ப வருவது ஒரே யானையா, வெவ்வேறு யானைகளா என்பதை அத்தகைய படம் சொல்லும். கரிக்கட்டி எதையும் சொல்லாது. அண்மைய ஆண்டுகளில் இம்மோதலில் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான யானைகளும் நூற்றுக்கு மேற்பட்ட மனிதரும் மடியும் ஒரு நாட்டில், இதை அழகியல் விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது.

கமரா ஏன் இப்படிச் செய்கிறது? அதன் ஒளிமானிக்கு யானையும் தெரியாது, கொக்கும் தெரியாது. தன் முன்னால் இருப்பதெல்லாம் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் என்று அது எடுத்துக்கொள்கிறது. சட்டகத்தில் ஒளிரும் நீர் அதிகமாக இருந்தால், "வெளிச்சம் கூடிவிட்டது" என்று அளவைக் குறைக்கும். நடுவே நிற்கும் யானை கறுத்துப்போகும். எருமை ஒன்று சட்டகத்தை நிறைத்தால் அளவைக் கூட்டி அதைச் சாம்பல் பூசியதுபோல் ஆக்கிவிடும். கரிய நீரோரத்தில் சிறியதாக நிற்கும் வெண்கொக்கை இறகே இல்லாத வெள்ளைத் துளையாக்கும். அதே கொக்கு சட்டகத்தை நிறைத்து நின்றாலோ அழுக்குத் துணியின் நிறத்துக்குக் கொண்டுவரும். ஆக, "கமரா தந்தது" என்பதும் ஒரு கணிப்புத்தான். பழுதான கணிப்பைத் திருத்த மறுப்பதில் நேர்மை எங்கே இருக்கிறது?

இதற்காகத்தான் கமராவிலேயே கூட்டல் கழித்தல் பொத்தானை வைத்திருக்கிறார்கள். ஒளிரும் நீரின் முன் நிற்கும் யானைக்குக் கூட்டல் 1 அல்லது 2. கரிய நீரோரக் கொக்குக்குக் கழித்தல் 1. ஒவ்வோர் எண்ணும் ஒளியை இரட்டிக்கும் அல்லது பாதியாக்கும். பொத்தானை நம்பாதவர்களுக்கு ஃபிலிம் காலத்துப் பழைய விதி ஒன்று உண்டு. முழு வெயிலில் எஃப் 16 துவாரம், ஐ.எஸ்.ஓ. எண் எதுவோ விநாடியில் அத்தனையில் ஒரு பங்கு நேரம். ஐ.எஸ்.ஓ. 400 ஆனால் 1/400 விநாடி. துவாரத்தை எஃப் 8 ஆகத் திறந்தால் 1/1600 விநாடி. இவ்விதி விலங்கின் நிறத்தைப் பார்ப்பதில்லை. அதன்மேல் விழும் வெயிலையே கணக்கில் கொள்கிறது. ஆகவே கறுப்பு கறுப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் நிற்கும். பளிச்சென்ற வெண்பறவைக்கு ஒரு படி குறைக்கவேண்டும். வெயிலுக்கு முதுகு காட்டி நிழல் பக்கத்தை நமக்குத் தரும் விலங்குக்கு இரண்டு படி கூட்டவேண்டும். அவ்வளவுதான் வித்தை.

நமது முன்னோர் இந்த மண்ணுக்கு வெயிலை வைத்தே பெயரிட்டார்கள். கதிரவன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. வாவி வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது. காலையில் எழுவான்கரையில் நின்று மேற்கே நோக்கினால் வெயில் முதுகில் விழும், எதிரே உள்ள உயிர் துலங்கும். மாலையில் அதே இடத்தில் நின்றால் எல்லாம் நிழலுருவம். அப்போது நிற்கவேண்டிய இடம் படுவான்கரை. ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகல் வெயில் நமக்கு நேர் உச்சியில் நிற்கிறது. அந்நேரத்தில் யானையின் முதுகு வெளுத்து, வயிறும் கண்ணும் இருண்டுவிடும். இந்தப் பெயர்களின் நாட்டிலே பிறந்தவர்கள் வெயிலின் திசை பாராமல் பொத்தானை அமுக்குவது வெட்கத்துக்குரியது.

மறுபுறத்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. "எப்படியாவது எடு, கணினியில் சரிசெய்துகொள்ளலாம்" என்பது அவர்கள் வேதம். இதுவும் பொய். ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகள்தான் உண்டு. 14 பிட் மூலக்கோப்பில் 16,384 படிகள் இருப்பது உண்மையே; இருளிலிருந்து ஓரளவு மீட்கலாம். ஆனால் வெளுத்து எரிந்துபோன இறகில் பதிவானது எதுவுமில்லை. இல்லாததை எந்த மென்பொருளும் மீட்காது. கற்பனை செய்து நிரப்பலாம். இன்று செயற்கை நுண்ணறிவு அதையும் நிமிடத்தில் செய்து தருகிறது. திருத்தம் முடிந்து புனைவு தொடங்கும் இடம் அதுதான்.

அந்த எல்லையை உலகப் பத்திரிகைகள் பட்டுத்தான் கற்றுக்கொண்டன. 1982 பெப்ரவரியில் நேஷனல் ஜியோகிரபிக் தன் அட்டைக்குப் பொருந்தவேண்டும் என்பதற்காக கீசா பிரமிட்டுகளை நெருக்கி நகர்த்தியது. 2006 லெபனான் போரில் பெய்ரூட்டின் புகையைக் கணினியில் பெருக்கிக் காட்டிய படத்தை ராய்ட்டர்ஸ் திரும்பப் பெற்றது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் காட்டுயிர்ப் படப் போட்டியில், 2009-இல் முதற்பரிசு பெற்ற ஓநாய் பழக்கப்பட்ட விலங்காக இருக்கக்கூடும் என்று பரிசு பறிக்கப்பட்டது. 2017-இல் பரிசு பெற்ற எறும்புண்ணி பாடம் செய்யப்பட்ட உடல் என்று கருதி அடுத்த ஆண்டு அதையும் பறித்தார்கள். இந்த நான்கிலும் குற்றம் ஒளியளவில் இல்லை. இருந்த பொருளை மாற்றியதில், அல்லது காட்டில் இல்லாததைக் காட்டினதாகச் சொன்னதில் இருக்கிறது. இதைப் பிரித்தறியாமல் எல்லாத் திருத்தத்தையும் மோசடி என்பவர்கள், ஓநாய்ப் படத்தில் ஒளியளவு சரியாக இருந்ததற்காகப் பாராட்டுவார்களா?

கறுப்பு வெள்ளைக் காலத்தில் இதில் குழப்பமே இருக்கவில்லை. நிழலுக்கு ஏற்ப ஒளி விடுவதும், அச்சிடும்போது இருண்ட இடத்தை ஒளிர்த்தி வெளுத்ததை அடர்த்துவதும் இருட்டறையின் அன்றாட வேலை. தமிழ் நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996) இந்தியக் காட்டு யானைகளை அக்காலத்துக் கமராக்களால் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்துக் குவித்தவர். வண்ணத்தின் துணையின்றி, சாம்பல் நிற விலங்கொன்றைச் சாம்பல் நிறக் காட்டிலிருந்து பிரித்துக் காட்டுவதற்கு ஒளியளவைத் தவிர அவரிடம் வேறென்ன இருந்தது?

திருத்தக்கூடாத ஒன்று உண்டு: விலங்கின் இடம். நல்ல வெளிச்சத்துக்கு யானையைத் திருப்பக் கூச்சலிடுவதும், கூழைக்கடாக்கள் ஒருசேர எழவேண்டும் என்பதற்காகத் தோணியைக் கூட்டத்துக்குள் விடுவதும் நடக்கின்றன. படப்பிடிப்பாளனே நடந்து சுற்றிவரட்டும். முடியாவிட்டால் மாலைவரை காத்திருக்கட்டும்.

பத்திரிகை ஆசிரிய பீடங்களுக்கு ஒரு வார்த்தை. காயம் தெரியாத யானைப் படம் வந்தால் அதை அப்படியே பக்கத்தில் ஏற்றாதீர்கள். மூலக்கோப்பைக் கேளுங்கள், நிழலை ஒளிர்த்துங்கள், அதில் இருப்பது வெளியே வரட்டும். அடுத்த முறை கூட்டல் 1 வைத்து எடுக்கும்படி நிருபரிடம் சொல்லுங்கள். ஒரு பொத்தானை இருமுறை திருப்பச் சோம்பல்பட்டு, ஓர் உயிரின் உடலில் எழுதப்பட்டிருக்கும் சாட்சியத்தை இருட்டில் தள்ளிவிட்டு, அதற்கு "உண்மைப் படம்" என்று நாமே சான்றிதழும் வழங்கிக்கொள்ள வேண்டாம்.