பயணமும் படங்களும்

பாடசாலை விடுமுறை நெருங்குகின்றது. குடும்பத்தோடு தலயாத்திரை செல்வோரும், மாணவரைச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியரும் ஆயத்தங்களில் ஈடுபடுங் காலம் இது. கட்டுச்சோற்றையும் மாற்றுடையையும் பற்றி நாம் கூறவேண்டியதில்லை. பயணத்தில் எடுக்கும் படங்களைப் பேணுவது குறித்தே இவ்வாரம் சில சொல்ல விழைகின்றோம். அற்ப விடயமென்று வாசகர் எண்ணலாகாது. நாமும் ஒருகாலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எமது தாயாரை அழைத்துக்கொண்டு திருக்கோணமலைக்குச் சென்றோம். கோணேசப் பெருமானைத் தரிசித்தபின் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போனோம். இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் ஆற்றிய இடம் அதுவென்பது ஐதிகம். அங்குள்ள ஏழு கிணறுகளிலும் நீரள்ளி வார்த்து, ஒன்றின் சூட்டை மற்றொன்றின் சூட்டோடு ஒப்பிட்டு, சிறுபிள்ளைபோலச் சிரித்தார் தாயார். “தம்பி, இதை ஒருக்கால் படம் எடு” என்றார். எடுத்தோம். மூன்று நாட்களில் முந்நூறுக்கு மேற்பட்ட படங்கள் சேர்ந்தன.

நாம் முற்றிலும் அசட்டையாக இருந்தோமென்று கூறமுடியாது. கைத்தொலைபேசியிலிருந்த படங்களை இரவுதோறும் மடிக்கணினியிற் பிரதி செய்தோம். ஆயினும், திரும்பும் நாளில் தொலைபேசியில் மின் குறைந்துவிட, அதனை மடிக்கணினியோடு தொடுத்து இரண்டையும் ஒரே பையில் வைத்தோம். வழியிலே தேநீருக்காகப் பேருந்து நின்றது. நாம் இறங்கி ஏறுவதற்கிடையில் அப்பை காணாமற் போயிற்று. பிரதி இருந்தும் பயனென்ன? இரண்டும் ஒன்றாகவே போயின.

அடுத்த ஆண்டு தாயார் சிவபதம் அடைந்தார். அந்தியேட்டிக் கல்வெட்டின் முகப்பில் இடுவதற்கு அவர் சிரித்த முகத்தோடு கூடிய படமொன்றைத் தேடினோம். கன்னியாவிலிருந்து எம் தங்கைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒன்று மாத்திரம் எஞ்சியிருந்தது. அச்செயலி படத்தைச் சுருக்கியே அனுப்பும் என்பதை அப்பொழுதுதான் அறிந்தோம். பெரிதாக்கிப் பார்த்த அச்சகத்தார், முகம் கலங்குகின்றதெனக் கூறித் திருப்பித் தந்தனர். ஈற்றில் அடையாள அட்டைக்கு எடுத்த படத்தையே இட்டோம். அதிலே தாயார் சிரிக்கவில்லை.

பிரதியின் அருமையை எம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். ஓலைச்சுவடி நாளடைவிற் செல்லரிக்கும் என்பதனாற் காலந்தோறும் ஏடு பெயர்த்தெழுதினர். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, ஏடுகளைத் தேடித் திரட்டி ஒப்புநோக்கியே அதனைச் செய்தார். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபொழுது ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறிடத்தில் இன்னொரு பிரதி இருந்த நூலை மீண்டும் தேடிக்கொள்ளலாம். பிரதியில்லாத ஏடு போனது போனதே. நூலுக்குள்ள இந்நியதி படத்துக்கும் உண்டு.

புகைப்படக் கலைஞரிடையே 3-2-1 என்றொரு விதி வழங்குகின்றது. பிரதிகள் மூன்று இருத்தல் வேண்டும்; அவை இருவகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும்; அவற்றுள் ஒன்று வேறிடத்தில் இருத்தல் வேண்டும். பயணத்தில் இதனைக் கைக்கொள்வது கடினமன்று.

தொலைபேசியிலேயே செருகத்தக்க பென் டிரைவ் ஒன்றை வாங்கிக்கொள்க. இரவிலே அன்றைய படங்களை அதிற் பிரதி செய்து, இரண்டொன்றைத் திறந்து பார்த்து உறுதிசெய்க. பின்னர் அதனை வேறொருவரின் பையில் வைக்க. தொலைபேசி தந்தையிடம் இருப்பின், பென் டிரைவ் மகளிடம் இருக்கட்டும். தங்குமிடத்தில் இணைய வசதி இருப்பின், மூன்றாம் பிரதியை இணையச் சேமிப்பகத்துக்கு ஏற்றிவிடுக. கூகிள் நிறுவனம் இலவசமாகத் தரும் இடம் 15 ஜிகாபைட் மாத்திரமே. 2021 யூன் முதலாந் திகதி தொடக்கம் ஏற்றப்படும் படங்களும், மின்னஞ்சல்களும் அவ்விடத்தையே பகிர்ந்துகொள்கின்றன. ஆதலாற் புறப்படுமுன்னரே எவ்வளவு இடம் எஞ்சியுள்ளதெனப் பார்த்துக்கொள்ளல் நன்று.

இங்கே ஓர் எச்சரிக்கை. தொலைபேசியில் இடம் போதவில்லையென்று கூகிள் போட்டோஸ் செயலிக்குள்ளே ஒரு படத்தை அழித்தால், இணையத்திலுள்ள பிரதியும் உடன் அழியும். அதன் குப்பைக்கூடையிலிருந்து 60 நாட்களுக்குள் மீட்கலாம், அதன்பின் இயலாது. கமராவில் எடுப்போர், வீடு திரும்பிப் பிரதிகளைச் சரிபார்க்கும்வரை அட்டையைத் துடைக்காதிருத்தல் வேண்டும். தவறுதலாக அழித்துவிட்டாற்கூட அவ்வட்டையில் மேலும் படம் எடுக்காது நிறுத்திவிடுக. புதிய படம் மேலே பதியும்வரை பழையது பெரும்பாலும் உள்ளேயே கிடக்கும். மீட்கும் மென்பொருள்கள் உண்டு. வாட்ஸ்அப்பில் உறவினருக்கு அனுப்புவோர், படமாக அனுப்பாது ஆவணமாக அனுப்பின் அதன் தெளிவு குன்றாது.

இவையனைத்துக்கும் இரவில் சிறிது நேரமே செல்லும். மாணவச் செல்வங்கள் இப்பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொள்ளலாம். பெரியோரைவிட அவர்களுக்கு இது எளிது. பயணக் களைப்பில், நாளைக்குப் பார்ப்போமென்று தந்தையார் கூறினாலும் அவர்கள் விடலாகாது.

தாயாரின் சிரிப்பு எமது நெஞ்சில் இன்னும் இருக்கின்றது. ஆயினும், அவரைக் காணாது பிறந்த எம் இளைய மகன், அப்பம்மா சிரிப்பது எப்படியிருக்கும் என்று கேட்கும்போது, கலங்கிய அப்படம் ஒன்றையே காட்டவேண்டியிருக்கின்றது. வாசகர் இல்லங்களில் அந்நிலை வேண்டாம்.